'நீங்க பார்த்துட்டீங்களா? அப்ப சரி': வேலையில் நுணுக்கம் பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்தக் கடையில் 24 வருஷம் சரக்கும் கணக்கும் பார்த்தேன். இப்போது புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நகைக்கடை, ஆடிட்டர் ஆபீஸ், சேகோ (ஜவ்வரிசி) ஆலை, ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டர் என்று பல இடங்களுக்குப் போகிறவர்கள் அவர்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

சின்னச் சின்ன விஷயத்தைக் கவனிப்பதால் வேலையில் நிஜமாகவே மேலே வர முடியுமா? முதலாளி கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா?

தெரியும், ஆனால் உடனே தெரியாது. யாரும் கூப்பிட்டுப் பாராட்ட மாட்டார்கள். நீங்கள் பார்த்து அனுப்பிய சீட்டை அடுத்தவர் மறுபடி பார்ப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுவார். அதுதான் அடையாளம்.

எங்கள் கடையில் வெளியூர் போகும் பார்சலை இரண்டு பேர் எடை பார்ப்பார்கள், மூன்றாவதாக முதலாளி பார்ப்பார். ஒரு தீபாவளி நெருக்கத்தில் அவர் என்னைப் பார்த்து, "நீங்க பார்த்துட்டீங்களாம்மா? அப்ப சரி, கட்டச் சொல்லுங்க" என்றார். அந்த ஒரு வரி வர எனக்கு ஐந்து வருஷம் ஆனது. அடுத்த பொங்கலுக்குச் சம்பளம் கூடியது. ஒருவர் பார்த்த வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லை என்றால் கடைக்கு இன்னொரு ஆளின் நேரம் மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்குதான் உங்கள் சம்பளத்தில் ஏறுகிறது.

எனக்குக் கவனமே நிற்காது. இது பிறவிக் குணமா, பழக்கமா?

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எட்டு மணி நேரமும் எல்லாவற்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. தன் வேலையில் தப்பு எந்த இடத்தில் வரும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் நின்று நிதானமாகப் பார்ப்பதுதான் நடக்கிற காரியம். அதைக் கற்றுக்கொள்ளலாம்.

கொலுசையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் சரக்கைச் சரிபார்க்க ஒரு அக்கா இருந்தார். ஒரு கட்டு வந்ததும் முதலில் ஜோடி ஜோடியாகத் தொங்கவிட்டு நீளம் பார்ப்பார். பத்தரை இன்ச் கொலுசில் ஒரு கால் ஒரு கண்ணி கூடுதலாக இருந்தால் தொங்கவிட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும், மேசையில் போட்டுப் பார்த்தால் தெரியாது. அப்புறம் திருகைத் திறந்து மூடுவார். கடைசியாக மடியில் ஒரு பழைய மெல்லிய 'வாயில்' துணிப் புடவைத் துண்டை விரித்து, கொலுசை மெதுவாக அதன்மேல் இழுப்பார். பற்றவைத்த இடத்தில் பிசிறு இருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும். மாட்டிய கொலுசு தனித்தட்டுக்குப் போகும். ஒரு ஜோடிக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. கொலுசில் பார்ப்பதற்கு நூறு இடம் உண்டு, அவர் பார்த்தது மூன்றே இடம். வீட்டுக்குப் போனபின் புடவை ஓரத்தைக் கிழிப்பதும், குழந்தையின் காலைக் கீறுவதும், திருகு கழன்று தொலைவதும் அந்த மூன்று இடங்களால்தான்.

நீங்கள் செய்யும் வேலையில் அந்த மூன்று இடம் எது? ஒரு மாதம், நடந்த தப்புகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் செய்தது என்று எழுத வேண்டாம், எங்கே நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் அவை சிதறிக் கிடக்காது, இரண்டு மூன்று இடத்தில் குவிந்திருக்கும்.

எண்களில்தான் அடிக்கடி தப்பு வருகிறது. என்ன செய்வது?

இதற்கு நான் ஒரு கதை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தத் தப்பு என்னுடையது.

எங்கள் தொழிலில் வெள்ளியை எடை போட்டு வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் கொடுப்போம். அவர்கள் கொலுசாகச் செய்து கொண்டுவருவார்கள். சேதாரம் போக எடை சரியாக இருந்தால் கூலி. நான் சேர்ந்து இரண்டாவது வருஷம், சிவதாபுரத்திலிருந்து வரும் ஒரு அக்காவின் கணக்கில் 18 கிராம் குறைந்தது. அவருடைய இரண்டு நாள் கூலியை விட அதிகம். "நான் எடுக்கலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய், பட்டறை நடக்கும் அறையைத் திரும்பத் திரும்பக் கூட்டி, குப்பையைத் தண்ணீரில் அலசிப் பார்த்தாராம்.

மூன்றாம் நாள் எங்கள் பழைய கணக்குப்பிள்ளை நோட்டைப் புரட்டினார். "18ஆ? ஒன்பதால வகுபடுதேம்மா. இலக்கம் இடம் மாறியிருக்கும். சீட்டை எடு" என்றார். எடுத்தேன். கொடுத்த எடை 1,468. நான் நோட்டில் ஏற்றியது 1,486.

அன்று சாயங்காலமே சிவதாபுரம் போய் அந்த அக்காவிடம் சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. ஒருவரின் நாணயம் என் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. வேலையில் கவனம் என்று யாராவது பேசினால் சம்பளத்துக்கும் முன்னால் அந்த அறைதான் என் நினைவுக்கு வருகிறது.

சரி, அந்த ஒன்பது விஷயம். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 68ஐ 86 என்று எழுதினால் 18. 7,250ஐ 2,750 என்று எழுதினால் 4,500. கடைசிச் சுழியை விட்டு 5,000ஐ 500 என்று எழுதினாலும் வித்தியாசம் 4,500, அதே ஒன்பதுதான். கணக்கு உதைத்தால் முதலில் வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். வகுபட்டால் தப்பு இதுதான் என்று உறுதியில்லை, ஆனால் தேட வேண்டிய இடம் குறுகும். வகுபடவில்லையா, வித்தியாசத்தில் பாதியைத் தேடுங்கள். 640 உதைத்தால் 320 என்று ஒரு பதிவு வரவில் இருக்க வேண்டியது பற்றில் ஏறியிருக்கலாம்.

இன்னொன்று, எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். "ஆயிரத்து நானூத்தி அறுபத்தெட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதினால் 86 அவ்வளவு சுலபமாகக் கைக்கு வராது. எங்கள் கடையில் ஒருவர் தராசைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுதுவார். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் வந்த பழக்கம் அது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தானே. அதுவே பார்த்துக்கொள்ளாதா?

கூட்டலைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் உள்ளே போட்டது சரியா என்பதை எல்லா நேரமும் பார்க்காது. சில சமயம் அதுவே தப்பை உண்டாக்கும்.

எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் அப்படியே வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைச் சாதாரணமாக அடித்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். முன்னால் சுழியோடு தொடங்கும் எண்ணில் அந்தச் சுழிகள் காணாமல் போகும். அந்தக் கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடித்தால் இரண்டுமே நடக்காது. இது தெரியாமல் கூலிப் பட்டியல் அனுப்பிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பணம் அனுப்பும்போது இன்னும் கவனம் வேண்டும். ஆன்லைனில் நெஃப்ட் அனுப்பினால் வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை வரவு வைக்கும், பெயரை ஒப்பிட வேண்டிய கட்டாயமில்லை. ரிசர்வ் வங்கி 2010லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெறுபவரின் பெயரை முன்கூட்டியே காட்டும் வசதி 2025 ஏப்ரலில்தான் வந்தது. வந்த வசதியைப் பயன்படுத்துங்கள், காட்டும் பெயரை நிஜமாகவே படியுங்கள். புதிய கணக்கு என்றால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, கிடைத்ததா என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் சுழி, 'ஓ' எழுத்து கிடையாது. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து. தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33இல் தொடங்கும், நடுவில் உள்ள பத்தும் பதிவு செய்தவருடைய பான் எண். இந்த மாதிரி அமைப்பு தெரிந்திருந்தால், ஒரு பில்லைக் கையில் எடுத்ததுமே ஏதோ இடிக்கிறதே என்று கண் சொல்லிவிடும்.

நான் கணக்கு வேலையில் இல்லை, ஆட்களை வைத்து வேலை வாங்குகிறேன். எனக்கும் இது பொருந்துமா?

என் சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். சேர்வராயன் மலையில் காபி வந்தது 1820களில், அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இத்தனை வருஷமாகியும் அங்கே அறுவடைக் காலத்து வேலை கண்ணையும் கையையும் நம்பித்தான் நடக்கிறது.

பழுத்த பழத்தை மட்டும் பறித்து, அன்றைக்கே தோல் நீக்கும் மெஷினில் போட வேண்டும். முதல் கூடை போட்டதும் சித்தப்பா மெஷினுக்கு அடியில் கை நீட்டி ஒரு பிடி கொட்டையை அள்ளுவார். உள்ளங்கையில் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். வெட்டுப்பட்ட கொட்டை இருந்தால் மெஷினின் இடைவெளி நெருக்கமாகிவிட்டது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, திருகைச் சரிசெய்து, இன்னொரு பிடி. அந்த இரண்டு நிமிஷத்தை விட்டால் அன்றைக்கு வந்த பழம் அத்தனையும் வெட்டுப்பட்டுப் போகும்.

சாயங்காலம் ஆட்கள் எல்லாம் கிளம்பிய பிறகு டார்ச் லைட்டோடு, தோல் நீக்கிய கொட்டையை ஊறவைக்கும் தொட்டிக்குப் போவார். நானும் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறேன். தொட்டி கழுவிப் பளிச்சென்று இருக்கும். அவர் மூலைகளை மட்டும் பார்ப்பார், விரலை விட்டுத் தடவுவார். நேற்றைய கொட்டை நாலைந்து மூலையில் ஒட்டிக் கிடக்கும். "இது நாளைக்கும் ஊறினா அழுகிடும் கண்ணு. அழுகின ஒரு கொட்டை போதும், ஒரு டப்பா காபித்தூளும் நாறும்" என்பார். காபி ருசி பார்ப்பவர்கள் அந்தக் கொட்டைக்கு ஸ்டிங்கர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

அவர் நூறு பேர் பின்னாலும் ஓடவில்லை. முதல் பிடியும் கடைசி மூலையும் மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டார். அதனால் நடுவில் மற்றவர்கள் நிம்மதியாக வேலை செய்தார்கள். ஆட்களை நடத்துகிறவர் ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர்கள் தாங்களாகப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன்.

வேகமும் வேண்டும், கவனமும் வேண்டும் என்றால் எப்படி?

பதறாத காரியம் சிதறாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். முக்கால்வாசி வேலையை வேகமாகச் செய்யுங்கள், திரும்பச் சரிசெய்ய முடியாத இடத்தில் மட்டும் நில்லுங்கள். வெள்ளியை உருக்கும் முன், பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன், பார்சலைத் தைக்கும் முன், மருந்தை ஊசியில் ஏற்றும் முன். அங்கே பத்து விநாடி நின்றால் போதும்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் எண்ணி முடித்துவிட்டு எடுங்கள். எடுத்துவிட்டீர்களா, முதலிலிருந்து எண்ணுங்கள். விட்ட இடம் ஞாபகம் இருப்பதாகத்தான் தோன்றும், அதை நம்ப வேண்டாம்.

எதிலும் நுணுக்கம் பார்த்துக்கொண்டே இருந்தால் வேலை நகராதே?

நகராது. கொலுசுக்கு மில்லிகிராம் பார்ப்பது நியாயம். 90 கிலோ ஜவ்வரிசி மூட்டைக்கு மில்லிகிராம் பார்ப்பது வீண். அங்கே பார்க்க வேண்டியது வேறு. குத்தூசியை மூட்டையின் வாயில் மட்டும் குத்தாமல் நடுவிலும் அடியிலும் குத்தி மாதிரி எடுத்தார்களா, நிறம் ஒன்றாக இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்பவைதான். மரவள்ளிக் கிழங்கு கொண்டுவரும் விவசாயிக்கோ, கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று அளந்து போடும் பாயிண்ட்தான் உயிர். ஒரு பாயிண்ட் குறைத்துப் போட்டால் ஒரு லோடுக்கே விலை இறங்கும். எதற்கு எவ்வளவு நுணுக்கம் என்று அளந்து வைப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

அலுவலகக் கடிதத்தில் எழுத்தின் அளவை மூன்று முறை மாற்றிவிட்டு, தேதியைப் பார்க்காமல் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

செக்லிஸ்ட் வைத்துக்கொள்வது உதவுமா? சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறதே.

1935இல் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைப் பறப்பில், கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதன் பிறகுதான் விமானிகளிடம் செக்லிஸ்ட் பழக்கம் நிலைத்தது. கெட்டிக்காரர்களும் மறப்பார்கள் என்று ஒப்புக்கொண்டதால் வந்த பழக்கம்.

ஆபரேஷன் தியேட்டரிலும் இதைக் கொண்டுவந்தார்கள். உலக சுகாதார அமைப்பின் 19 அம்சப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் வைத்துப் பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளை வைத்து 2014இல் வந்த ஆய்வில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். என் அனுபவத்திலும் பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு டிக் போட்டால் பட்டியல் காப்பாற்றுகிறது. சாயங்காலம் உட்கார்ந்து மொத்தமாக டிக் போட்டால் அது வெறும் காகிதம். ஏழெட்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள், நீளமான பட்டியலை யாரும் படிப்பதில்லை.

பெரியவர் ஒருவர் தப்பு செய்திருக்கிறார். எப்படிச் சொல்வது?

தனியாக, காகிதத்தோடு போங்கள். "அண்ணா, இந்த வரியில எனக்கு ஒரு சந்தேகம், ஒருதரம் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றால் போதும். அவரே பார்த்து அவரே திருத்திக்கொள்வார். நாலு பேர் முன்னால் சொன்னால் நீங்கள் சொன்னது சரியாக இருந்தாலும் காரியம் கெடும்.

நானே தப்பு செய்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. சொல்லட்டுமா?

இன்றைக்கே சொல்லுங்கள். என்ன நடந்தது, எவ்வளவு, யாரைப் பாதிக்கும், இதுவரை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான்கு வரியில். தவறான கணக்குக்குப் போன பணத்தை அன்றே வங்கியில் எழுதிக் கொடுத்தால் திரும்ப வர வழி இருக்கிறது. மறைத்த தப்பு சும்மா இருக்காது, சிவதாபுரத்து அக்கா மாதிரி யாராவது ஒருவர் தலையில் போய் விடியும்.

முன்பெல்லாம் தப்பே வராது, இப்போது அடிக்கடி வருகிறது. வயதாகிவிட்டதா?

உங்களுக்கு நாற்பது தாண்டியிருந்தால் முதலில் கண்ணைப் பாருங்கள். எங்கள் கடையில் 20 வருஷம் பிசகாமல் வேலை செய்த ஒருவர் திடீரென்று 3ஐ 8 என்று எழுதத் தொடங்கினார். கவனம் போய்விட்டது என்று எல்லோரும் பேசினார்கள், அவரும் அப்படியே நம்பி ஒடுங்கிப்போனார். கடைசியில் பார்த்தால் வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டதும் பழைய மனுஷன் ஆகிவிட்டார். தூக்கம், மேசைக்கு மேலே வெளிச்சம், இந்த இரண்டையும் சரிபார்த்துவிட்டு அப்புறம் உங்களைத் திட்டிக்கொள்ளுங்கள்.

வேலை தேடும்போது இதை எப்படிக் காட்டுவது?

'நான் நுணுக்கமாக வேலை செய்வேன்' என்று பயோடேட்டாவில் எழுத வேண்டாம், எல்லோரும் எழுதுகிறார்கள். உங்கள் போன் நம்பரை ஒருதரம் டயல் செய்து பாருங்கள். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். கம்பெனியின் பெயரை அவர்கள் எழுதுவது போலவே எழுதுங்கள். பெயரைத் தப்பாக எழுதினால் மனசு சுருங்கும், முதலாளியானாலும் வாட்ச்மேனானாலும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் என்ன பார்க்க வேண்டும்?

எங்கள் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்து மூடி போடுவோம். பாதியில் நிற்கும் வேலை எது, எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோட்டுக்குள் வைப்போம். காலையில் வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தச் சீட்டிலிருந்துதான் தொடங்குவார். பிறகு பட்டறைத் தரையைக் கூட்டுவோம். அந்தக் குப்பையை வெளியே கொட்ட மாட்டோம், டின்னில் போட்டு மூடி வைப்போம். அராவின தூளும் பொடியும் அதில் கலந்திருக்கும். டின் நிறைந்ததும் அதைக் கழுவி உருக்கி வெள்ளி பிரிப்பவரிடம் எடை போட்டுக் கொடுப்போம்.